முக்கோணத்தைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் கணினித் துறை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுகளுக்குத் தலைப்பு அனுமதிக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். நான் வாத்தியார் இல்லை. மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கோட் எழுதிப் பிழைக்கிறவன். காலையில் ஒரு பஸ், ராத்திரி ஒரு பஸ் என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது. உங்களிடம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவன் என்ற முறையில், உங்களோடு பேசக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைத்து எழுதுகிறேன்.

என் அக்கா மகளும் அவள் பேட்ச்சில் இருந்த இன்னும் இரண்டு பேரும், லாஸ்பேட்டைப் பையன் ஒருவன், நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி, ஒரு தலைப்போடு ஜீரோத் ரிவ்யூவுக்கு, அதாவது தலைப்புக்கு அனுமதி வாங்கும் முதல் கூட்டத்துக்கு, போனார்கள். நிலத்தின் உயரத் தரவை வைத்துக்கொண்டு, மழைநீர் தேங்கும் பள்ளங்களையும் நீர் சூழ்ந்து தீவாகிவிடும் மேடுகளையும் கம்ப்யூட்டேஷனல் டோபாலஜி வழியில் கண்டுபிடிப்பது. டோபாலஜியைத் தமிழில் இடவியல் என்கிறோம். பிறர் எழுதி வைத்த ஆயத்த கோட், லைப்ரரி எதையும் கூப்பிடாமல் அல்காரிதத்தைத் தாங்களே எழுதுவதாக மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். ஏழு நிமிடத்தில் ரிவ்யூ முடிந்தது. அக்கா மகள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினாள். பேஸ் பேப்பர் என்பது ப்ராஜெக்ட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுக் கட்டுரை.

"பேஸ் பேப்பர் எந்த வருஷம்?"

"2002 சார்."

"கடைசி மூணு வருஷத்துக்குள்ள இருக்கணும்னு சர்குலர்ல போட்டிருக்கமே, படிக்கலையா?"

அடுத்தவர் கேட்டார்: "அக்யூரசி எத்தனை பெர்சன்ட் எதிர்பார்க்கிறீங்க?"

"இதுல அக்யூரசின்னு ஒண்ணு இல்ல மேடம். விடை சரியா இருக்கும், இல்லன்னா தப்பா இருக்கும்."

காரியம் கெட்டது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உண்மையாகவே இருந்தாலும் சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதே என்று அவளிடம் சொன்னேன், முறைத்தாள். கடைசிக் கேள்வி: "லாகின் பேஜ் எதுல பண்றீங்க?"

தலைப்பு போயிற்று. ஒரு வாரத்தில் வேறு தலைப்பு கொண்டுவரச் சொன்னார்கள். முகத்தை அடையாளம் கண்டு வருகைப்பதிவு செய்யும் ப்ராஜெக்ட் ஒன்றை, ப்ராஜெக்ட் செய்து விற்கும் சென்டரில் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தார்கள். லாகின் பேஜ் இருந்தது. அக்யூரசி 98 சதவீதம் என்று ஸ்லைடில் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, நல்ல மார்க் வந்தது.

எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அது ஒரு கல்லூரியின் குறையாகச் சுருங்கிவிடும். என்னிடம் இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகளிடம் விசாரித்த வரையில் சர்குலரின் வாசகம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

மூன்று வருட விதியை எதற்காக வைத்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சீனியரின் ரெக்கார்டைத் தூசி தட்டி, தேதியை மட்டும் மாற்றிக் கொண்டுவருகிறார்கள். அதைத் தடுக்க ஒரு வேலி வேண்டும். ஆனால் அந்த வேலியைச் சென்டர்காரன் தினமும் தாண்டுகிறான். புதுப் பேப்பரின் தலைப்பை எடுத்துப் பழைய கோட்டின் மேல் ஒட்டிக் கொடுப்பதுதான் அவன் தொழிலே. வேலியில் மாட்டிக்கொண்டவர்கள், நிஜமாகவே ஒன்றைச் செய்ய வந்த மூன்று பேர்.

அவர்கள் செய்ய வந்தது என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூவில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனால் முள்ளோடையில் மாநிலம் மாறுகிறது. ரோட்டில் ஒன்றும் தெரியாது. பெட்ரோல் பங்க்கில் விலைப்பலகையைப் பார்த்தால் தெரியும். புதுச்சேரி மாவட்டம் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கணக்கு. அதற்கு மேல் காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம். இந்த ஒன்றியப் பிரதேசத்தின் பரப்பு என்ன, எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் அது வடிவியல். எத்தனை துண்டு, எத்தனை ஓட்டை என்று மட்டும் கேட்டால் இடவியல். துண்டுகளின் எண்ணிக்கை பூஜ்யமாவது பெட்டி எண். ஓட்டைகளின் எண்ணிக்கை ஒன்றாவது பெட்டி எண். நம் இரும்புப்பெட்டி இல்லை, என்ரிகோ பெட்டி என்ற இத்தாலியக் கணிதரின் பெயர்.

இந்தத் துறை 1736-ல் கணிதர் ஆயிலர் போட்ட ஏழு பாலக் கணக்கில் (ஏழு பாலத்தையும் ஆளுக்கு ஒரே தடவை தாண்டி வர முடியுமா என்பது) முளைவிட்டு, 1895-ல் இன்னொரு கணிதர் புவான்கரே எழுதிய நீண்ட கட்டுரையில் வேர்பிடித்தது. கணினிக்கு வந்த கதை தனி. தரவு என்றால் வெறும் புள்ளிகள்தானே, புள்ளிகளுக்கு ஏது ஓட்டை? ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு, வட்டத்தை மெல்ல மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே போனால் வட்டங்கள் ஒட்டும், வளையங்கள் பிறக்கும், அப்புறம் அடைபடும். எந்த அளவில் பிறந்தது, எந்த அளவில் செத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறித்து வைத்தால், நீண்ட நாள் வாழ்ந்தது தரவின் உண்மையான உருவம், உடனே செத்தது இரைச்சல். பெர்சிஸ்டன்ட் ஹோமாலஜி என்பதன் சாரம் இதுதான். இதைக் கணக்கிட எடெல்ஸ்ப்ரூனர், லெட்ஷர், ஜொமொரோடியன் மூவரும் கொடுத்த அல்காரிதம் 2000-ல் மாநாட்டிலும் 2002-ல் இதழிலும் வந்தது. அக்கா மகள் சொன்ன வருடம் அது. இன்றைக்கு வருகிற எந்தப் புதுப் பேப்பரும் அதன் தோளில் ஏறித்தான் நிற்கிறது.

சரி, இறுதியாண்டு மாணவருக்கு இது தாங்குமா என்று நினைப்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் டீ குடிக்கப் போனபோது, பில் தாளின் பின்பக்கத்தில் அவள் ஒரு முக்கோணம் போட்டாள். மூலைகள் அ, ஆ, இ. அடுத்து வரிசையாக எழுதினாள்: முதலில் மூன்று புள்ளிகள், பிறகு அஆ, ஆஇ, அஇ என்று மூன்று கோடுகள், கடைசியாக முழு முக்கோணம். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் எல்லை; இப்படிக் கீழே இறங்கும் வரிசைக்கு நிரல் என்று பெயர். அஆ-வின் எல்லை அ, ஆ என்ற இரண்டு புள்ளிகள். முக்கோணத்தின் எல்லை மூன்று கோடுகள்.

"இப்ப விதி ஒண்ணே ஒண்ணுதான் மாமா. ஒவ்வொரு நிரல்லயும் கடைசியா இருக்கிறவன் யாருன்னு பாக்கணும். ரெண்டு நிரல்ல ஒரே ஆள் கடைசியா இருந்தா, முன்னாடி வந்த நிரலை பின்னாடி வந்ததோட கூட்டணும். ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா ரெண்டும் போயிடும்."

அஆ-வில் கடைசி ஆள் ஆ. சரி, ஆ-வுக்கும் அஆ-வுக்கும் ஜோடி. ஆஇ-யில் கடைசி ஆள் இ. இ-க்கும் ஆஇ-க்கும் ஜோடி. அஇ-யிலும் கடைசி ஆள் இ. இடம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே ஆஇ-யைக் கூட்டுகிறாள். அ, இ, ஆ, இ. இரண்டு இ-யும் அடிபட்டு அ, ஆ மிச்சம். கடைசி ஆள் ஆ. அதற்கும் ஏற்கெனவே ஜோடி இருக்கிறது. அஆ-வைக் கூட்டுகிறாள். எல்லாம் அடிபட்டுக் காலியாகிவிட்டது. காலியானால் ஒரு வளையம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்: மூன்றாவது கோடு போட்டவுடன் சுற்று மூடிக்கொண்டது. கடைசியாக முக்கோணத்தின் நிரல். அதில் கடைசி ஆள் அஇ. அந்த வளையத்தை இந்த முக்கோணம் அடைத்துவிட்டது, இருவரும் ஜோடி. ஜோடி இல்லாமல் நிற்பது அ மட்டும். ஒரு துண்டு, ஓட்டை இல்லை. கணக்கு முடிந்தது, டீ ஆறியிருந்தது.

இடையில் ஒரு சிரிப்பு. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அணியின் (மேட்ரிக்ஸின்) படுக்கை வரிசை நிரை, செங்குத்து வரிசை நிரல். கணினித் தமிழில் நிரல் என்றால் ப்ரோகிராம். எனவே "நிரலைச் சுருக்கும் நிரல்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இந்த மடலில் நிரல் என்றால் அணியின் நிரல், எழுதுவது கோட்.

இந்தப் பில் தாளில் இருப்பது, சமன்பாடுகளைத் தீர்க்க முதலாண்டில் நீங்களே நடத்தும் காஸ் நீக்கல் முறையின் தம்பிதான். எண்களுக்குப் பதில் பூஜ்யமும் ஒன்றும், ஒன்றும் ஒன்றும் கூட்டினால் பூஜ்யம். மாணவருக்கு இதில் புதிதாக வேண்டிய கணிதம் அவ்வளவுதான்.

தலைப்பு போனாலும் மூன்று பேரும் அதை விடவில்லை. கோடாக எழுத உட்கார்ந்தபோதுதான் படிப்பு ஆரம்பமாயிற்று. வட்டத்தின் மேல் சம இடைவெளியில் 12 புள்ளிகள் வைத்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆரம் 1. 12 புள்ளி, 66 கோடு, 220 முக்கோணம், மொத்தம் 298. ராத்திரி பத்து மணிக்கு ரன் கொடுத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் லேப்டாப் விசிறி இன்னும் அலறிக்கொண்டிருக்கிறது. 298 நிரலுக்கு ஒரு ராத்திரியா? போனில் என்னைக் கூப்பிட்டாள். காரணத்தை நான் சொல்லவில்லை, முக்கோணத்துக்கு மட்டும் ஓட்டி, ஒவ்வொரு அடியிலும் பிரின்ட் போடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். பைத்தானில் இரண்டு லிஸ்ட்டைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டியிருக்கிறார்கள். அ, இ-யோடு ஆ, இ சேர்ந்து நாலு பேராக நிற்கிறது. இரண்டு இ-யும் அடிபடவில்லை. கடைசி ஆள் இன்னும் இ-தான். மறுபடி ஆஇ-யைக் கூட்டுகிறது, மறுபடியும் இ. விடிய விடிய இதே வேலை. லிஸ்ட்டை செட் ஆக்கி, கூட்டலுக்குப் பதில், இரண்டிலும் இருப்பதை அடித்துவிடும் எக்ஸார் குறியைப் போட்டார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது.

விடை: ஒரே ஒரு நீண்ட வளையம். 0.518 தூரத்தில் பிறந்து 1.732-ல் சாகிறது. லாஸ்பேட்டைப் பையன் பேனாவை எடுத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே தூரம் 2 சைன் 15 டிகிரி என்று போட்டுப் பார்த்தான்: 0.518. வட்டத்துக்குள் போடும் சமபக்க முக்கோணத்தின் பக்கம் ரூட் 3: 1.732. அந்த முக்கோணம் வந்து மையத்தை மூடினால்தான் வளையம் அடைபடும். அவள் உங்களிடம் துடுக்காகச் சொன்ன பதிலுக்கு இதுதான் விளக்கம். 98 சதவீதம் சரியான ரூட் 3 என்று ஒன்று கிடையாது.

அடுத்த பாடத்தை மெமரி கற்றுக்கொடுத்தது. உற்சாகத்தில் 100 புள்ளிகளுக்குப் போனார்கள். கோடுகள் 4,950. முக்கோணங்கள் 1,61,700. அணியை முழுதாக, கட்டம் கட்டமாக வைத்தால் கோடு-முக்கோணப் பகுதி மட்டும் 80 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 8 பைட் என்றால் 6.4 ஜிபி. லேப்டாப்பில் இருந்ததே 4. மவுஸ் கூட நகரவில்லை. ஆனால் ஒரு முக்கோணத்தின் நிரலில் இருப்பது மூன்றே மூன்று ஒன்றுகள், மற்றதெல்லாம் பூஜ்யம். பூஜ்யத்தை எதற்குச் சுமக்க வேண்டும்? மூன்று மூன்றாக வைத்தால் ஆரம்பத்தில் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்று டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பரில் ஐந்து மார்க் கேள்விக்குப் படித்தது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது. "எதுக்கு மாமா இதை அப்பவே இப்படி சொல்லித் தரல?" என்றாள். நான் யாருக்காகப் பதில் சொல்வது.

அதற்குப் பிறகு ஒரு தந்திரம். பில் தாளில் அஇ-யின் நிரலை இரண்டு தடவை கூட்டிக் காலியாக்கினோம் அல்லவா? அது வீண் வேலை. முக்கோணத்தை முதலில் பார்த்திருந்தால், அஇ அதோடு ஜோடி என்று தெரிந்துவிடும். ஜோடியானால் அதன் நிரல் எப்படியும் காலியாகத்தான் போகிறது, தொடவே வேண்டாம். மேலிருந்து கீழே இறங்கும் இந்த வழியை 2011-ல் சென், கெர்பர் இருவரும் எழுதினார்கள். 12 புள்ளி வட்டத்தில் 66 கோடுகளில் 55-ஐத் தொடாமலே விடலாம். நெல்லிக்குப்பத்துப் பெண் அந்தப் பேப்பரைப் படித்து நாலு வரி மாற்றினாள். 100 புள்ளிக்கு நேரம் சடாரென்று குறைந்தது. கடைசியில், இதே கணக்கைப் போடும் ரிப்சர் என்ற ப்ரோகிராமை, உல்ரிக் பவுவர் எழுதியதை, இறக்கி, அதே தரவைக் கொடுத்து, தங்கள் விடையோடு ஒப்பிட்டார்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் சுமார் ஆயிரம் வரிதான் அது, திறந்த மூலம். விடை ஒத்துப்போயிற்று. வேகத்தில் ரிப்சர் இவர்களைப் பந்தாடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ஏன் அவ்வளவு வேகம் என்று இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளத்துக்கு வருகிறேன். இந்தத் தலைப்பு வானத்திலிருந்து விழவில்லை. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது; ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. அக்கா வீட்டில் கிரைண்டரைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க வாசற்படியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று படியில் இரண்டு முழுகி, மூன்றாவதில் நின்றது. எதிர்த்தெரு கொஞ்சம் மேடு; அங்கே தண்ணீர் ஏறவில்லை, ஆனால் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் என்பதால் பால் பாக்கெட் கூடப் போகவில்லை. அந்தத் தெருவைத்தான் என் அக்கா மகள் பிறகு "ஒன்றாவது பெட்டி எண்" என்றாள்.

ஒரு தெருவின் உயரங்கள் வரிசையாக 5, 2, 4, 1, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 1-க்கு ஏறும்போது முதல் குட்டை பிறக்கிறது. 2-ல் இன்னொன்று. 4-ல் இரண்டும் கலந்துவிடுகின்றன. கலந்தால் இளையவர் செத்ததாகக் கணக்கு, மூத்தவர் பெயர் நிற்கும். இளைய குட்டையின் ஆயுள் 2-லிருந்து 4 வரை. இதைக் கணக்கிட யூனியன்-ஃபைண்ட் போதும்; எது எதோடு ஒரே கூட்டம் என்று கணக்கு வைக்கும் அல்காரிதம், நீங்கள் வகுப்பில் நடத்துவது. தெருவை விட்டு வரைபடத்துக்குப் போனால் மேடுகள் தீவாவதும் வளையமாகப் பிறந்து, முழுகும்போது சாகும். 30 மீட்டர் கட்டத்தில் பத்துக்குப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் கட்டங்கள். சாதாரண லேப்டாப் தாங்கும்.

உயரத் தரவு இலவசம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் இருக்கிறது. நம் கார்டோசாட் செயற்கைக்கோள் தந்த கார்டோடெம் இஸ்ரோவின் புவன் தளத்தில் இருக்கிறது. இவர்கள் எஸ்ஆர்டிஎம்-ஐ எடுத்தார்கள். முதல் ஓட்டத்தில் ஆயிரக்கணக்கில் குட்டை. ஊரே சல்லடையாய்த் தெரிந்தது. ஏன் என்று தோண்டினால், அந்தத் தரவுக்குச் சொல்லப்பட்ட உயரத் துல்லியமே 16 மீட்டருக்குள் என்பதுதான். நடைமுறையில் அதைவிட நன்றாக இருந்தாலும், நம் கடலோர நிலம் பல இடங்களில் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. ரேடார் மரத்தின் தலையையும் நிலமென்று எண்ணிவிடும், ஆகவே சவுக்குத் தோப்பெல்லாம் குன்று. தரைப்பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் என்பது அதற்குத் தெரியாது, ரோடு அணையாகிவிடுகிறது. 30 மீட்டரைவிடக் குறுகிய கரை காணாமலே போகிறது.

எந்த வீடு முழுகும் என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது என்று அவர்களே ரிப்போர்ட்டில் எழுதினார்கள். ஆயுள் குறைந்த குட்டைகளை வடிகட்டினால் மிஞ்சுவது எது, அது ஏரிகளோடும் ஆற்றுப் பள்ளத்தோடும் எவ்வளவு ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று 11 பக்கம். நான் இன்டர்வியூவில் பார்த்த எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் "எங்கே ஒத்துப்போகவில்லை" என்று ஒரு தலைப்பு இருந்ததில்லை. வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது, உன் டெஸ்ட் செட்டில் எத்தனை படம் என்று. பாதிப் பேர் சீலிங்கைப் பார்ப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களிடம் அதை யாரும் கேட்டதில்லை.

கைடு செய்யும் ஆசிரியருக்கு இடவியல் தெரிய வேண்டுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் டீக்கடை பில் தாளில் அடங்குகிற உதாரணம் இருக்கும்போது, கைடு மாணவரோடு சேர்ந்தே படித்துக்கொள்ளலாம். எனக்கும் இதில் ஆறு மாதத்துக்கு முன் ஒன்றும் தெரியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) இடவியலை வைத்துத் தரவைக் காட்சிப்படுத்தும் ஆய்வு நடக்கிறது; வழி கேட்க ஆள் ரொம்பத் தொலைவில் இல்லை. வெள்ளம் வேண்டாம் என்றால் கோலம் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் எத்தனை தனி இழை ஓடுகிறது என்று எண்ணும் கோட் எழுதச் சொல்லுங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970-களிலேயே கோலத்துக்கு ஃபார்மல் லாங்குவேஜ் இலக்கணம், அதாவது கணினி மொழிக்கு எழுதுவது போன்ற விதிகள், எழுதிவிட்டார்கள். உங்கள் சர்குலர்படி அதுவும் செல்லாது.

ஆகவே என் கோரிக்கை சின்னது. அல்காரிதத்தை மாணவர்களே அடியிலிருந்து எழுதும் ப்ராஜெக்ட்டுகளுக்கு மட்டும் அந்த மூன்று வருட வரியைத் தளர்த்துங்கள். அக்யூரசி கேட்கும் இடத்தில், விடை தெரிந்த சின்ன உதாரணம் ஒன்றைக் கேளுங்கள். ரிவ்யூவில் பிபிடியை மூடிவிட்டு, ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்து, போர்டில் கையால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று பேரில் யாரை வேண்டுமானாலும் நடுவில் நிறுத்தி மற்றவரைத் தொடரச் சொல்லுங்கள். சென்டரில் வாங்கியவன் இரண்டாவது நிரலில் நின்றுவிடுவான். திருட்டைப் பிடிக்க வருடக்கணக்கு பார்ப்பதைவிட இது எளிது, செலவும் இல்லை.

இப்படி ஒரு ரிவ்யூவுக்கு வெளியாள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். பஸ் செலவு என்னுடையது. கடலூர்ப் பக்கம் என்றால் சைக்கிளிலேயே வந்துவிடுவேன். அந்த மூன்று பேரும் வருகிறோம் என்கிறார்கள். பையனுக்கு மட்டும் வேலை கிடைத்துவிட்டதால் மாலையில்தான் முடியும். கோட், ரிப்போர்ட், 12 புள்ளி வட்டத்தின் கைக்கணக்கு எல்லாம் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. அடுத்த பேட்ச்சுக்கு வேண்டுமென்றால் தருகிறோம், ஒரு நிபந்தனையோடு: கோட் இருக்கிற ஃபோல்டரைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் முள்ளோடையைத் தாண்டுகிறவன்

பி.கு.: அடுத்த ரிவ்யூவிலும் யாராவது கேட்பார்கள் என்று அக்கா மகள் ஒரு லாகின் பேஜும் செய்து வைத்திருக்கிறாள். என்ன பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடும்.